அவிழ்த்துவிட்ட சத்தம்

"மாமா, உங்க சத்தம் வீட்டுக்குத் திரும்பி வராட்டி என்ன செய்வீய?"

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், குற்றாலத்தில் சாரல் தூவிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் ஜுஹைனா கேட்ட கேள்வி இது. அப்போது அவளுக்கு ஆறு வயது. உம்மா ஆசியாவின் பழக்கடையில், மங்குஸ்தான் கூடைக்குப் பக்கத்தில் கவிழ்த்துப்போட்ட மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். எதிரே நமசிவாயம் டீ குடித்துக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் சாலையில் போன ஆட்டோவின் தலையில் கட்டிய குழாயிலிருந்தும் நமசிவாயமே பேசிக்கொண்டு போனார். தென்காசி ஜவுளிக்கடை ஒன்றில் தள்ளுபடி, இன்றே கடைசி என்று. பிள்ளை ஆட்டோவைப் பார்த்தது, அவர் வாயைப் பார்த்தது. வாய் இங்கன இருக்கு, சத்தம் எப்படி அங்கன போகுது என்று கேட்டது.

"அதை அவுத்து விட்டாச்சு தாயி. மேஞ்சுட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துரும்" என்றார் நமசிவாயம்.

அதற்குத்தான் பிள்ளை, வராட்டி என்ன செய்வீய என்றது. நமசிவாயம் சிரித்தார். ஆசியாவும் சிரித்தாள். பதில் சொல்லவேண்டிய கேள்வி என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அந்த நாளில் அவருக்கு மைக் நமசிவாயம் என்று பேர். நிலம் கிடையாது, கடை கிடையாது. ஆண்டவன் கொடுத்தது தொண்டை ஒன்றுதான். அதுவே சோறு போட்டது. தென்காசியில் மணிமுத்துவின் ஒலிபெருக்கி நிலையத்தில், சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய சின்ன அறைக்குள் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்வார். அந்தப் பதிவு ஆட்டோவில் ஏறி சுரண்டை, பாவூர்சத்திரம், கடையநல்லூர், குற்றாலம் என்று சுற்றிவரும். துஷ்டி என்கிற சாவு அறிவிப்பு, தேரோட்டம், குடிதண்ணீர் வராத நாள், காணாமல் போன பிள்ளை, மூட்டுவலித் தைலம். தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதை வாசிப்பார்.

தொழிலில் அவருக்கு ஒரு முறை இருந்தது. தாளைக் கொண்டுவருகிறவரிடம் மூன்றே கேள்விகள் கேட்பார். எத்தனை நாள் ஓடணும், எந்தெந்த ஊருக்குப் போகணும், எந்த வார்த்தையை அழுத்தணும். இது நிஜமா என்பது நாலாவது கேள்வி. அதை அவர் கேட்டதே இல்லை. அது எழுதிக் கொடுக்கிறவர் பாடு என்று இருந்துவிட்டார். கேட்கிற சனமோ எழுதிக் கொடுத்தவரைப் பற்றி யோசிப்பதே இல்லை. மைக் அண்ணாச்சியே சொல்லிட்டாரு என்பார்கள். அவர்களுக்கு அது போதும்.

இன்று அந்தக் குரல் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் தொண்டையில் ஒரு கட்டி வந்து, திருநெல்வேலியில் அறுத்து எடுத்தார்கள். மிச்சம் இருப்பது ஒரு காற்று மட்டும். சைக்கிள் டியூபில் ஊசி குத்தினால் வருமே, அந்தச் சத்தம். பக்கத்தில் வந்து காதைக் கொடுத்தால் புரியும். காதைக் கொடுக்கத்தான் ஆளில்லை. மனைவி ஆனந்தவள்ளி போய் எட்டு வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை. கோயிலுக்குப் பின்தெருவில் ஒற்றை அறை. காலையில் காசிவிஸ்வநாதர் கோயிலுக்குப் போவார். கோபுர வாசலில் நெஞ்சைத் தள்ளுகிற காற்றில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். சாமியிடம் பேசக் குரல் வேண்டியதில்லை என்பது ஒரு ஆறுதல். மற்ற இடத்திலெல்லாம் விரலைக் காட்டித்தான் சாமான் வாங்குவார். ஒரு வார்த்தையும் பேசாமல் கழிந்த நாட்களை ஆரம்பத்தில் எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு எண்ணுவதையும் விட்டுவிட்டார்.

இந்த வருஷம் ஆனி மாதம், சீசன் தொடங்கிய இரண்டாவது வாரம், சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர் காதில் அவருடைய குரலே வந்து விழுந்தது.

"பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. நமது பகுதியில் பரவிவரும் மஞ்சள் காமாலை நோய்க்கு, சாலையோரம் விற்கப்படும் சுகாதாரமற்ற பழங்களே காரணம் எனத் தெரியவந்துள்ளது. குறிப்பாக, குற்றாலம் பேருந்து நிறுத்தம் அருகே பச்சைத் தார்ப்பாய் கட்டிய கடையில் பழம் வாங்கிச் சாப்பிட்ட பலர் பாதிக்கப்பட்டுள்ளனர். உங்கள் குழந்தைகளின் உயிர் விலைமதிப்பற்றது..."

உயிர் என்ற இடத்தில் குரல் லேசாகத் தழைந்து நடுங்கியது. கேட்டவுடனே அவர் மனதில் வந்த நினைப்பு, எவ்வளவு நல்ல குரல் என்பதுதான். அடுத்த நொடி வெட்கம் வந்தது. கையில் எடுத்த காயைக் கூடையிலேயே போட்டுவிட்டார்.

அது மூன்று வருஷத்துக்கு முன்னால் பேசியது. அந்த சீசனில் குற்றாலத்தில் தங்கிப் போனவர்களுக்கு வரிசையாக மஞ்சள் காமாலை வந்தது. சாரல்வெளி விடுதி உரிமையாளர் சங்கத்தின் செயலாளர் சங்கரநாராயணன் ஒரு தாளோடு மணிமுத்துவின் கடைக்கு வந்தார். நமசிவாயம் தாளை ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். பச்சைத் தார்ப்பாய்க் கடை ஆசியாவின் கடை. அந்த நிறுத்தத்தில் வேறு பச்சைத் தார்ப்பாய் கிடையாது. அவள் விற்பது மங்குஸ்தானும் ரம்புட்டானும். வெட்டி விற்கிற பழமில்லை, தண்ணீர் தொடுகிற பழமில்லை. வாங்குகிறவர் தன் கையால் தோலை உடைத்துத் தின்ன வேண்டிய பழம். அதில் காமாலை எப்படி வரும்? அவரே பத்து வருஷமாக அவள் கடையில் தின்றிருக்கிறார்.

எல்லாம் ஒரு கணத்தில் மனதில் ஓடியது. வாயில் வந்தது வேறு. "காமாலைன்னு மட்டும் சொல்லவா, மஞ்சள் காமாலைன்னு சொல்லவா? மஞ்சள் சேந்தா நல்லா அழுத்தலாம்."

"அப்படியே அழுத்துங்க அண்ணாச்சி" என்றார் சங்கரநாராயணன்.

தெரியவந்துள்ளது என்றால் யாருக்குத் தெரியவந்தது என்று தாளில் இல்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை. நாலே நாளில் அறிவிப்பை யாரோ போனில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். கடையைப் படம் பிடித்துச் சிவப்பில் வட்டம் போட்டு இன்னொருவர் அனுப்பினார். உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்று, ஒலிபெருக்கி மூலம் எச்சரிக்கப்பட்டு வருகிறது என்று ஒரு மூலையில் போட்டது. சங்கம் அந்த மூலைச் செய்தியை வெட்டி விடுதி வரவேற்பறைகளில் ஒட்டிவைத்தது. ஒன்றுக்கு ஒன்று சாட்சி. சுற்றிச் சுற்றி வந்தாலும் அடியில் இருந்தது நமசிவாயத்தின் குரல் ஒன்றுதான்.

ஆசியா பத்து நாள் கடையில் உட்கார்ந்து பார்த்தாள். பழம் கூடையிலேயே கறுத்தது. பதினோராவது நாள் தார்ப்பாயை மடித்துக்கொண்டு கடையநல்லூருக்கு, காக்கா என்று அவள் கூப்பிடுகிற அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். புரட்டாசியில், கூட்டம் ஓய்ந்த பிறகு, சங்கத்துக்காரர் ஒருவரின் விடுதியில் கழிவுத்தொட்டியை உடைத்துக் கட்டினார்கள். கட்டின கொத்தனார் டீக்கடையில் வைத்துச் சொன்னார், கழிவு கசிந்து குடிதண்ணீர்த் தொட்டிக்குள் எத்தனை நாளாக இறங்கியிருக்கிறது என்று. நமசிவாயம் கேட்டுக்கொண்டே டீயைக் குடித்து முடித்தார். எழுந்து போய்விட்டார்.

பின்னால் தொண்டை போனபோது, இது அதற்கான தண்டனையோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. நாற்பது வருஷம் கத்தினால் இப்படித்தான் ஆகும் என்றார் டாக்டர். டாக்டர் சொன்னதுதான் சரியாக இருக்கும். ஆண்டவன் அப்படிப் பழிவாங்குகிறவர் இல்லை. அவர் சில சமயம் ஒன்றும் செய்யாமல், ஒரு மனிதனை அவனுடைய சத்தத்தோடு தனியாக விட்டுவிடுகிறார்.

ஆசியாவுக்கு அவர் பட்டிருந்த கடன் ஒன்று உண்டு. அது காசில்லை.

எட்டு வருஷத்துக்கு முன் ஓர் ஆடி மாதம் ஆனந்தவள்ளி இறந்தாள். உடம்பு நடுவீட்டில் கிடக்கிறது. சொந்தக்காரப் பெண்கள் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தெருவில் ஆட்டோ வருகிறது. ஆடித் தள்ளுபடி, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம், குடும்பத்தோடு வாருங்கள் என்று நமசிவாயத்தின் குரல் துள்ளுகிறது. சுவரோரம் உட்கார்ந்திருந்தவருக்கு எழுந்திருக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. அந்தக் குரல் சிரிக்கிற வரைக்கும் இவர் கண்ணில் தண்ணீர் வர வழியில்லை. தெரு முக்கில் திரும்பி ஆட்டோ மறுபடியும் வந்தது.

ஆசியா அன்று கடையைப் பாதியில் மூடிவிட்டு, பிள்ளையையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தாள். வாசலில் பெண்களோடு நின்றவள் விறுவிறுவென்று தெருவில் இறங்கி ஆட்டோவுக்கு முன்னால் நின்றாள். சத்தம் நின்றது. அவள் என்ன சொன்னாள் என்று அப்போது அவருக்குத் தெரியாது. ஆட்டோ ஓட்டிய மாரிச்செல்வம் பல மாதம் கழித்துச் சொன்னான். "உள்ள அந்த மனுசன் அழமாட்டாம இருக்காரு. இந்தச் சத்தம் நின்னாத்தான் அவருக்கு அழுகை வரும். அணைச்சுருங்க தம்பி" என்றாளாம். அவ்வளவுதான். அவள் அதை ஒருநாளும் அவரிடம் பேசியதில்லை.

சந்தையிலிருந்து நேரே மணிமுத்துவின் கடைக்குப் போனார்.

"வாங்க அண்ணாச்சி. அதிசயமா இருக்கு. காப்பி சொல்லட்டுமா?"

நமசிவாயம் கையை ஆட்டி மறுத்து, அவன் காதருகே குனிந்தார். "அந்தப் பச்சைத் தார்ப்பாயை நிறுத்துடே."

"அதுவா? இந்த வருசமும் நாலஞ்சு பேருக்குக் காமாலைன்னு சங்கத்துல திரும்ப ஓட்டச் சொல்லிட்டாவ. சீசன் முடிய ஓடும். புதுசா ஒருத்தன வச்சுப் பேசிப் பாத்தேன். நாய்கூடத் திரும்பல. உங்க குரலுக்குத்தான் சனம் நிக்கி."

"பொய்டே அது."

"விளம்பரத்துல எது மெய்? நீங்க பதினோரு வருசம் இன்றே கடைசின்னு சொன்னீய. அந்தக் கடை இன்னும் மூடல."

சொல்லிவிட்டு மணிமுத்து சிரித்தான். அவர் சிரிக்காததைப் பார்த்துத் தானும் நிறுத்திக்கொண்டான். "அந்தப் பழக்கார அக்கா திரும்ப வந்திருக்காவ, தெரியுமா? போன வாரம்தான் கடை போட்டாவ. நான் சங்கத்தை மீறி எப்படி நிறுத்த? செயலாளரைப் பாருங்க."

நமசிவாயம் குற்றாலத்துக்கு பஸ் ஏறினார். பாதி வழியிலேயே சாரல் பிடித்துக்கொண்டது. சங்கரநாராயணன் தன் விடுதியின் வரவேற்பறையில் விபூதியும் சந்தனமுமாக உட்கார்ந்திருந்தார். மரியாதைக்குக் குறைவில்லை. எழுந்து நின்று நாற்காலி போட்டார்.

"நாம யாரு பேரையும் சொல்லலியே அண்ணாச்சி" என்றார், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு. "ஒரு தார்ப்பாயைச் சொன்னோம். அதுவும் சனங்க நல்லதுக்கு."

"தொட்டி கசிஞ்சது உங்களுக்குத் தெரியும்."

"அதான் சரி பண்ணியாச்சே. அதை ஊரெல்லாம் சொன்னா ஐநூறு குடும்பம் சீசனை நம்பி இருக்கு, அவங்க கதி? ஒரு பழக்கடை வேற எங்கயாவது போயிப் பிழைச்சுக்கிடும்." கொஞ்சம் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "அந்தம்மா இப்ப நீலத் தார்ப்பாய் கட்டியிருக்காம். அதையும் சேத்து நாளைக்குப் புதுசா ஒண்ணு போடணும். உங்களைச் சிரமப்படுத்த மாட்டோம். உங்க பழைய பதிவு இருந்தாப் போதுமாம், எழுதினதை உங்க குரல்லயே போன் படிச்சிருதாம். மணிமுத்து செய்து தாரேன்னுருக்கான். உங்க தொண்டைக்கும் நோவில்லை பாருங்க."

நமசிவாயம் அவர் பக்கமாகக் குனிந்தார்.

"நான் மாட்டேன்னு சொல்லுதேன்."

"நீங்க சொல்லுதது எனக்கே கேக்க மாட்டேங்குதே அண்ணாச்சி" என்றார் சங்கரநாராயணன். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

நிறுத்தத்தில் நீலத் தார்ப்பாய் கண்ணில் பட்டது. ஆசியாவின் முன்தலை நரைத்திருந்தது. ஜுஹைனா உயர்ந்து, பதினைந்து வயசுப் பெண்ணாக, பழத்தைப் பெரிசு சிறிசாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். கடைக்கு முன்னால் ஒரு குடும்பம் நின்றது. ஆட்டோக்காரர் ஒருவர் அவர்களிடம் ஏதோ காதில் சொன்னார். அம்மாக்காரி எடுத்த பழத்தை வைத்துவிட்டுப் பிள்ளைகளை முன்னால் தள்ளிக்கொண்டு போனாள்.

"அண்ணாச்சியா இது?" என்றாள் ஆசியா. "என்ன இப்படி மெலிஞ்சுட்டீய. கழுத்துல என்ன?"

அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். பிறகு பேசினார். அந்தக் காற்றைக் கேட்டு ஜுஹைனா கையிலிருந்த பழத்தை அப்படியே வைத்தாள்.

"காலையில ஆட்டோவில உங்க சத்தம் போச்சு மாமா. நல்லாத்தான இருந்துச்சு."

"ஏட்டி, சும்மா இரு" என்றாள் ஆசியா. அவர் பக்கம் திரும்பினாள். "நீங்க என்ன செய்வீய அண்ணாச்சி. எழுதிக் குடுத்ததைப் படிச்சீய. ஒங்களுக்கு என்ன தெரியும்."

இந்த இடத்தில் தலையை ஆட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆசியா கதவைத் திறந்துதான் வைத்திருந்தாள். அவர் அவள் பக்கமாகக் குனிந்தார்.

"தெரியும் ஆசியா. உன் பழத்துல ஒண்ணும் இல்லைன்னு தெரியும். தெரிஞ்சுதான் படிச்சேன்."

ஆசியா தராசுத் தட்டில் கிடந்த காய்ந்த இலையை எடுத்துக் கீழே போட்டாள். துண்டால் தட்டைத் துடைத்தாள். இன்னொரு தரம் துடைத்தாள்.

"மூணு வருசமா அண்ணாச்சிய யாரோ ஏமாத்திட்டாவன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள் கடைசியில். "அப்படி நெனைக்கது எனக்கு லேசா இருந்துச்சு."

பிளாஸ்க்கைத் திறந்து ஒரு தம்ளர் வெந்நீர் ஊற்றி அவர் முன்னால் வைத்தாள். "சாரல்ல தொண்டையை மூடாம வந்திருக்கீய" என்றாள். ஆனால் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் அந்த வெந்நீரை ஒவ்வொரு மடக்காகக் குடித்தார்.

கேரளத்து வேன் ஒன்று வந்து நின்றது. எண்ணெய் தேய்த்த தலைகளோடு ஆட்கள் இறங்கினார்கள். நமசிவாயம் சாலைக்கு வந்து அவர்களை மறித்து நின்றார். "நல்ல பழம். அந்த ஆட்டோவில சொல்லுதது பொய். சொன்னது நான்தான்" என்றார். காற்றுதான் போனது. ஒருவர் விலகி நடந்தார். ஒருவர் பர்ஸ் இருந்த பையைக் கையால் பொத்திக்கொண்டார். அருவியிலிருந்து ஈரத்தலையோடு வந்த வயசான பெண் ஒருத்தி மட்டும் அவரை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்டை அவர் கையில் வைத்துவிட்டுப் போனாள். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஜுஹைனா பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தூரத்தில் ஐந்தருவி திருப்பத்தில் ஆட்டோ வருவது கேட்டது. உங்கள் குழந்தைகளின் உயிர் விலைமதிப்பற்றது.

மறுநாள் காலை கோபுர வாசலில் வழக்கத்தை விட அதிக நேரம் நின்றார். என்ன கேட்பது என்று தெரியவில்லை. குரலைத் திருப்பிக் கொடு என்று கேட்க வாய் வரவில்லை. காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது.

மதியம் மணிமுத்துவின் கடைக்குப் போனபோது மேசையில் சங்கத்தின் புதுத் தாள் இருந்தது. நீலத் தார்ப்பாய் என்ற இடத்தில் அடிக்கோடு போட்டிருந்தார்கள். பக்கத்தில், ஆட்டோவிலிருந்து கழற்றிய பென்டிரைவ். மூன்று மணிக்குப் புதுப் பதிவோடு ஆட்டோ கிளம்ப வேண்டும்.

"நானும் ராத்திரியெல்லாம் யோசிச்சேன் அண்ணாச்சி" என்றான் மணிமுத்து. நேற்றைய சிரிப்பு அவனிடம் இல்லை. "ஒரு வழி இருக்கு. நீங்களும் ஒரு மறுப்பு எழுதித் தாங்க. அதையும் உங்க பழைய குரல்லயே செஞ்சு நான் சும்மாவே ஓட்டுதேன். சங்கம் கேட்டா கேக்கட்டும். முப்பது விநாடிப் பேச்சு இருந்தாப் போதும், போன்ல இருக்க அந்த ஆப் குரலைப் பிடிச்சிருது."

நமசிவாயம் ஒரு வெள்ளைத் தாளை இழுத்துக்கொண்டார். அந்தக் குரலில், நாலு ஊரிலும், ஆசியா நிரபராதி என்று. கையில் பென்சிலை எடுத்துவிட்டார். பொதுமக்களின் கனிவான என்று எழுதியும்விட்டார்.

"என்ன எழுதினாலும் படிக்குமா அது?"

"என்ன எழுதினாலும் படிக்கும். இது நெசமான்னெல்லாம் கேக்காது."

பென்சில் நின்றது.

"நாப்பது வருசம் நானும் அப்படித்தானடே இருந்தேன்" என்றார்.

மணிமுத்து அவரைப் பார்த்தான். அவர் மெல்ல, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். இன்று அந்தக் குரல் இதைச் சொல்லும். நாளைக்குச் சங்கம் எழுதிக் கொடுத்தால் அதையும் சொல்லும். கேட்கிறவன் எதை நம்புவான். குரலைத்தான் நம்புவான். குரல் யாரிடம் இருக்கிறதோ அவன் பக்கம் உண்மை.

மணிமுத்து நாற்காலியிலிருந்து எழுந்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

"மணி ஒண்ணாச்சு. சாப்பிடப் போறேன். வர ரெண்டாகும். கடையப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி."

வெளியே போகிறபோது கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போவது அவன் வழக்கம். இன்று அணைக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் போனான், திரும்பிப் பார்க்கவில்லை.

நமசிவாயம் முட்டை அட்டை அறைக்குள் போய்ப் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். பேசிப் பிழையானதை அழிக்கிற வேலையை அந்த நாளில் அவரே செய்வார், அதனால் இந்த அளவுக்கு அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியும். திரையில் அவர் பேரில் ஒரு பெட்டி இருந்தது. உள்ளே ஆயிரத்துச் சொச்சம் பதிவுகள். பென்டிரைவைச் செருகி அதில் இருந்ததை முதலில் அழித்தார். அது சுலபமாக இருந்தது.

பெட்டிக்குள் ஒரு பதிவு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தேடாமலே தெரியும். பத்து வருஷத்துக்கு முன் ஒருநாள் கடையில் கரண்ட் இல்லை என்று வீட்டில் வைத்துப் பேசிய தேரோட்ட அறிவிப்பு அது. முழுசாக ஒரு நிமிஷம் அவர் பேசி முடித்ததும், அடுக்களையிலிருந்து தம்ளர் வைக்கிற சத்தம் கேட்கும். பிறகு ஆனந்தவள்ளியின் குரல். "காப்பி ஆறுது." ஆட்டோவுக்குப் போனபோது அந்த வாலை மணிமுத்து வெட்டிவிட்டான். மூலத்தில் அது அப்படியே இருந்தது. அவள் குரல் இந்த உலகத்தில் மிஞ்சியிருப்பது அந்த இரண்டு வார்த்தைதான். அவள் போன பிறகு, கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வந்து அதை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்.

இதை ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாமே என்று மனம் கெஞ்சியது. வாலை மட்டும் வெட்டி எடுக்க அவருக்குத் தெரியாது. மணிமுத்துவுக்குத் தெரியும். ஆனால் அவனைக் கூப்பிட்டுக் கேட்டால் அவனும் இதில் சேர்ந்தவன் ஆவான். நாளைக்குச் சங்கத்துக்கு அவன் பதில் சொல்ல வேண்டும். வாலோடு வைத்தால் முன்னால் ஒரு நிமிஷம் இருக்கிறது. அவர்களுக்கு முப்பது விநாடி போதும். யாருடைய போனிலோ ஒரு பழைய துண்டு கிடக்கலாம், அதற்கு அவர் என்ன செய்ய முடியும். தன் கைக்கு எட்டினது இவ்வளவு. இதில் ஒன்றைக்கூட மிச்சம் வைக்கக் கூடாது.

முதலில், பாதி எழுதி நிறுத்திய தாளை எடுத்தார். கனிவான என்பதை அடித்தார். தன் கையெழுத்தில், ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். பச்சைத் தார்ப்பாய்க் கடையைப் பற்றி மூன்று வருஷத்துக்கு முன் நான் பேசியது பொய். பொய் என்று தெரிந்தே பேசினேன். விடுதித் தண்ணீரில் கழிவு கலந்ததுதான் காரணம். ஆசியாவின் பழத்தில் குற்றமில்லை. என் குரல் பதிவுகளை அழித்ததும் நான்தான், மணிமுத்து இல்லை. இதை எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம். கீழே பேரும் தெருவும் எழுதினார். அவரே எழுதிய முதல் அறிவிப்பு அது. படித்துப் பார்த்தார். எந்த வார்த்தையையும் அழுத்த வேண்டியிருக்கவில்லை. விசைப்பலகைக்குப் பக்கத்தில், மின்விசிறிக் காற்றில் பறக்காமல், அங்கே கிடந்த காலித் தம்ளரை அதன் மேல் வைத்தார்.

தேரோட்டப் பதிவை ஓடவிட்டார். அந்த அழகான குரல், பக்தர்கள் அனைவரும் திரளாக வந்து வடம் பிடிக்குமாறு கேட்டுக்கொண்டது. வருக வருக என்றது. தம்ளர் சத்தம் கேட்டது.

"காப்பி ஆறுது."

"வந்துட்டேன்" என்றார் நமசிவாயம். காற்றுதான் வந்தது.

பெட்டியை மூடி, அதன் மேல் அம்பை வைத்து, அடியோடு அழிக்கிற இரண்டு விசைகளையும் சேர்த்து அமுக்கினார். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆம் என்ற இடத்தில் அமுக்கினார். ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக மெல்ல நகர்ந்து முடிந்தது. பெட்டி இருந்த இடம் வெறுமையாக ஆனது.

அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. நமசிவாயம் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். அழுகை வந்தது.